பாவனைப் பலகையில் ஒரு மின்சுற்று

மின்னணுச் சுற்றுகளைப் பொழுதுபோக்காகவோ பள்ளிப் பயிற்சியாகவோ அமைத்துப் பார்க்க விரும்புவோர்க்கு, கணினித் திரையிலேயே சுற்றை வரைந்து இயக்கிக் காட்டும் சிமுலேட்டர்கள் இன்று பல கிடைக்கின்றன. பாவனைப் பலகை என்று நான் அவற்றைக் குறிப்பிடுவது வழக்கம். அவற்றுள் எளியது எது, வகுப்பில் அதற்குரிய இடம் யாது என்பன பற்றிச் சில கூற விழைகிறேன். நான் பொறியாளன் அல்லன், மொழிபெயர்ப்பாளன். என் பணியில் நேர்ந்த பிழையொன்றே என்னை இப்பொருளில் ஈடுபடுத்தியது.

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். 9 வோல்ட் மின்கலம் ஒன்று, 150 ஓம் மின்தடை ஒன்று, சிவப்பு எல்.இ.டி. மூன்று ஆகியவற்றைத் தொடரிணைப்பில் அமைக்க வேண்டும் என்பது மூலத்தின் கருத்து. நானோ ‘வரிசையாக இணைக்க’ என்று எழுதிவிட்டேன். சத்தியவேட்டுப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளியாசிரியர் ஒருவர் விளக்குகளை அருகருகே வரிசையாக நிறுத்திப் பக்க இணைப்பாகப் பூட்டியிருந்தார். அச்சொல்லை அவ்வாறு பொருள் கொண்டதில் அவர்மீது குற்றமில்லை. விளக்குகள் மூன்றும் எரிந்தன. ஆகவே பிழை வெளிப்படவில்லை. மின்கலம் இவ்வளவு விரைவில் தீர்ந்துபோவது ஏன் என்று மட்டும் கேட்டு எழுதியிருந்தார்.

விடை காணப் பலவற்றை முயன்றபின், பால் ஃபால்ஸ்டட் என்பார் ஜாவா மொழியில் இயற்றி, பின்னர் இயன் ஷார்ப் என்பார் உலாவியில் நேரே இயங்குமாறு மாற்றியமைத்த சிமுலேட்டரை அடைந்தேன். இதற்குக் கணக்குத் தொடங்க வேண்டுவதில்லை, கட்டணமும் இல்லை. கம்பிகளின் வழியே மஞ்சள் புள்ளிகள் ஓடி மின்னோட்டத்தைக் காட்டுகின்றன. ஓட்டம் மிகுந்தால் புள்ளிகள் விரைகின்றன. ஓர் உறுப்பின்மேல் சுட்டியை வைத்தால் அதன் மின்னோட்டமும் மின்னழுத்தமும் எண்ணாகத் தெரிகின்றன. இரண்டு சுற்றுகளையும் வரைந்து பார்த்தேன். தொடரிணைப்பில் மூன்று விளக்குகளும் சேர்ந்து ஏறத்தாழ 6 வோல்ட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சிய 3 வோல்ட் 150 ஓம் தடையில் விழுந்து 20 மில்லி ஆம்பியர் ஓடிற்று. பக்க இணைப்பிலோ 7 வோல்ட் தடையில் விழுந்து, மின்கலத்திலிருந்து 47 மில்லி ஆம்பியர் அளவுக்கு வெளியேறியது. மின்கலம் பாதிக் காலத்திற்குள் தீர்ந்ததன் காரணம் இதுவே. இரண்டு விளக்குகள் கழன்றுவிட்டால் முழு ஓட்டமும் மூன்றாவதன் வழியே பாய்ந்து அதனைக் கருக்கிவிடக்கூடும். எரியும் விளக்கு மறைத்த பிழையைத் திரை காட்டிக்கொடுத்தது.

எனினும் திரையிலுள்ள எல்.இ.டி. எவ்வளவு ஓட்டத்தைத் தந்தாலும் கருகுவதில்லை. மின்கலம் சோர்வதில்லை; கம்பி கழலுவதில்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் டிங்கர்கேட் இவ்வகையில் சற்று மேலானது. அது பிரெட்போர்டைப் படமாகவே காட்டுகிறது. ஓட்டம் மிகுந்தால் விளக்கின்மேல் எச்சரிக்கையும் இடுகிறது. ஆனால் அதற்குக் கணக்கு வேண்டும். தடையற்ற இணையமும் வேண்டும். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஃபோஸி திட்டத்தார் தரும் ஈசிம் கட்டற்ற மென்பொருளே. 1973-இல் பெர்க்கிலியில் தோன்றிய ஸ்பைஸ் மரபைச் சேர்ந்தது. பட்டயப் படிப்பு மாணவர்க்கு அது தக்கது. எட்டாம் வகுப்புக்கு அது பெருஞ்சுமை என்பது என் துணிபு.

ஆதலால் பள்ளிக்கு முதற்கண் ஃபால்ஸ்டட் சிமுலேட்டரையே பரிந்துரைப்பேன். அதனைக் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியும் இயக்கலாம். இணைப்பு அடிக்கடி அறுபடும் ஊர்களில் இஃதொன்றே போதிய காரணம். அதன் சொற்கள் ஆங்கிலத்தில் இருப்பது குறையே; ஆயினும் மின்தடையின் குறியீட்டை அறிந்த மாணவனுக்கு அது பெருந்தடை ஆவதில்லை.

நான் வாழும் ஏர்பேட்டில், 2015-இல் தொடங்கப்பெற்ற திருப்பதி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிலையான வளாகம் அமைந்திருக்கிறது. அதன் மதிற்புறமாகச் செல்லும் பேருந்தில் பள்ளிப் பிள்ளைகளும் பயணம் செய்கின்றனர். ஆய்வுக்கூடமே காணாத பிள்ளைகளுக்குச் சிமுலேட்டர் ஒன்றே போதும் என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். இதனை நான் ஏற்பதற்கில்லை. பார்வைக்குச் செல்லும் களப்பணியாளர்கள், திரையில் நடந்ததைச் செய்முறை முடிந்ததாகப் பதிவேட்டில் குறித்தலாகாது. திரையில் 20 மில்லி ஆம்பியர் கண்ட மாணவன், அதே சுற்றைத் தன் கையால் பூட்டி, மல்டிமீட்டரில் 18 அல்லது 19 என்று கண்டு, அவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று வினவ வேண்டும். அவ்வினாவைத் தானே எழுப்பச் சிமுலேட்டரால் இயலாது. அதற்கு வேண்டும் பொருள்களோ ஒரு மின்கலம், சில சில்லறை உறுப்புகள், ஒரு மல்டிமீட்டர் அவ்வளவே.

கையேட்டின் பழைய படிகள் இன்னும் சில பள்ளிகளில் இருக்கக்கூடும். எல்.இ.டி. பாடத்தில் ‘வரிசையாக’ என்று கண்டவிடத்து ‘தொடரிணைப்பாக’ என மையால் திருத்திக்கொள்ளுமாறு ஆசிரியர்களை வேண்டுகிறேன்.