அபிஷேகம் சபைக்கு உரியது: பெந்தெகொஸ்தே அடையாளம் குறித்த எங்கள் நிலைப்பாடு

இந்த அறிக்கை ஏன்?

பெந்தெகொஸ்தே ஆராதனையின் வெளிக்கோலம் இன்று எங்கும் பரவிவிட்டது. கைதட்டிப் பாடுவதும், கைகளை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்வதும், முழு இரவு ஜெபமும் சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்க ஆலயங்களிலும் நடக்கின்றன. இன்னொரு பக்கம், வாடகை மண்டபமும் கீபோர்டும் யூடியூப் சேனலும் இருந்தால் போதும், யாரும் ‘அபிஷேகம் பெற்ற தேவமனிதர்’ என்று போஸ்டர் ஒட்டிக்கொள்ளலாம். அப்படியானால் நம்மைப் பெந்தெகொஸ்தே சபை என்று சொல்வதற்கு இனி என்ன இருக்கிறது என்று எங்கள் வேதாகமக் கல்லூரி மாணவர்களும் வாலிபரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த எல்லாச் சபைகளின் சார்பிலும் அதற்குப் பதில் சொல்கிறோம்.

1. நாங்கள் விசுவாசிப்பது

வேதாகமமே எங்களுக்கு இறுதி அதிகாரம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக தேவனை அறிக்கையிடுகிறோம். இரட்சிப்பு கிருபையால், விசுவாசத்தின் மூலம் வருகிறது. இயேசு இரட்சிக்கிறவர், பரிசுத்தப்படுத்துகிறவர், ஆவியினால் ஞானஸ்நானம் கொடுக்கிறவர், சுகமாக்குகிறவர், மறுபடியும் வருகிற ராஜா.

இவற்றில் பெரும்பகுதி மற்றச் சபைகளும் அறிக்கையிடுவதுதான். எங்களுக்கென்று தனியாக இருப்பது, பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு எழுந்து நின்று யோவேலின் வாக்குத்தத்தம் நிறைவேறிற்று என்று சொன்னதை இன்றைக்கும் உரியதாக எடுத்துக்கொள்வது. குமாரரும் குமாரத்திகளும், வாலிபரும் மூப்பரும், வேலைக்காரரும் வேலைக்காரிகளும் அந்த வாக்குத்தத்தத்தில் அடங்குவர். மேல்வீட்டறையில் அக்கினி நாவு பேதுருவின் தலைமேல் மட்டும் இறங்கவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவர் மேலும் அமர்ந்தது. ஆகவே எங்கள் நிலைப்பாட்டை ஒரே வரியில் சொல்லலாம்: ஆவியின் அபிஷேகம் சாட்சி பகருவதற்காகச் சபை முழுவதற்கும் கொடுக்கப்பட்டது, எந்த ஊழியருக்கும் அது தனிச்சொத்து அல்ல. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இதிலிருந்து பிறக்கிறது.

2. எங்கள் வேர்கள்

1906-ன் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சார்ல்ஸ் பார்ஹம் நடத்திய வேதாகமப் பள்ளிக்கு வில்லியம் சீமோர் என்ற கறுப்பினப் போதகர் படிக்க வந்தார். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இனப் பிரிவினை வழக்கப்படி வகுப்பறைக்குள் உட்கார அவருக்கு இடமில்லை. வெளி வராந்தாவில் அமர்ந்து, திறந்திருந்த கதவின் வழியே பாடம் கேட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸின் அசூசா தெருவில், ஒரு காலத்தில் குதிரை லாயமாகவும் பயன்பட்ட பழைய கட்டடத்தில், அவருடைய தலைமையில் எழுப்புதல் தொடங்கியது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் மெக்சிகரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

நம் நாட்டில் இந்த நெருப்பு அதற்கும் முன்பே பற்றியது. 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் நடத்திய ஊழியத்தில் எழுப்புதல் உண்டானது. அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் அப்போதே பதிவாகியிருக்கின்றன. அருளப்பன் எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் உழைத்தவர். 1905-ல் பூனாவுக்கு அருகே கேட்காவில், பண்டித ரமாபாயின் முக்தி மிஷனில் இளம் விதவைகளும் அநாதைப் பெண்களும் ஆவியில் நிரம்பி ஜெபித்தார்கள். வராந்தாவில் உட்கார்ந்தவர், சம்பளமில்லாத உபதேசி, வீட்டார் கைவிட்ட பெண்பிள்ளைகள்: எங்கள் முன்னோர் இவர்களே. மேடையும் நாற்காலியும் இல்லாதவர்களிடம் தொடங்கிய இயக்கம் இது.

3. அந்நிய பாஷை

ஆவியின் அபிஷேகத்தோடு அந்நிய பாஷை வருவதை அப்போஸ்தலர் நடபடிகளில் காண்கிறோம். எங்கள் சபைகளிலும் அனுபவித்திருக்கிறோம். அதை எதிர்பார்க்கும்படி போதிக்கிறோம், காத்திருப்புக் கூட்டங்களை நடத்துகிறோம். ஆனால் பெந்தெகொஸ்தே உலகம் முழுவதும் இதை ஒரே மாதிரி வரையறுத்ததில்லை. அந்நிய பாஷையே முதல் அடையாளம் என்று பல சபைகள் உறுதியாகச் சொல்கின்றன. ரமாபாயோ, அதை ஓர் அடையாளமாக ஏற்றாலும் ஒரே அடையாளமாக ஏற்கவில்லை. சிலியில் 1909-ல் எழுந்த பெந்தெகொஸ்தே சபைகளும் அதைக் கட்டாயமாக்கவில்லை.

எனவே அந்நிய பாஷை பேசாத விசுவாசியை இரண்டாம் தரமாக நடத்துவதையோ, திருவிருந்திலிருந்து விலக்குவதையோ நாங்கள் ஏற்பதில்லை. ‘அல்லேலூயா’ என்று மேன்மேலும் வேகமாகச் சொல்லவைத்து, நாக்கு குழறும்போது “வந்துவிட்டது” என்று அறிவிக்கும் பழக்கம் எங்கள் சபைகளில் நிறுத்தப்பட வேண்டும். ஆவியானவர் கொடுப்பதை மனிதர் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. பாஷை பேசுகிறவரின் வீட்டில் அன்பும் சாந்தமும் இல்லையென்றால், அவருக்கு இன்னும் ஜெபம் தேவை என்றே போதகர்கள் ஆலோசனை சொல்ல வேண்டும்.

4. தீர்க்கதரிசனம்

தீர்க்கதரிசன வரம் இன்றும் உண்டு. கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய ஒழுங்கும் உண்டு: இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும். இந்த இரண்டாம் பாதிதான் இன்று காணாமற்போகிறது. மைக்கைப் பிடித்து, “நீலச் சேலை கட்டிய சகோதரி, மூன்று மாதத்தில் உன் மகனுக்கு விசா வரும் என்று கர்த்தர் சொல்லுகிறார்” என்று ஒருவர் சொன்னால், அதை நிதானிக்க யாருக்கும் வாய்ப்பில்லை. மூன்று மாதம் கழித்து விசா வராவிட்டால், அந்தச் சகோதரிக்கு விசுவாசம் போதவில்லை என்று பழி அவர் மேலேயே விழுகிறது.

திருமணம், வேலை, சொத்து, தேர்தல் முடிவு ஆகியவற்றைக் குறித்த எந்த ‘வார்த்தை’யும் எங்கள் சபைகளில் மூப்பர்கள் முன்னிலையில் நிதானிக்கப்படாமல் யாரையும் கட்டுப்படுத்தாது. தவறிப்போன தீர்க்கதரிசனத்தைச் சொன்னவர் சபையின் முன் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் தியானத்துக்கே உரியது. அதை வருடபலன் போலச் சொல்லக் கூடாது.

5. தெய்வீக சுகம்

இயேசு இன்றும் சுகமாக்குகிறார். வியாதியஸ்தர் மேல் கைகளை வைத்து, எண்ணெய் பூசி ஜெபிக்கிறோம். அதே வேதாகமத்தில் துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதிய பவுலையும் வாசிக்கிறோம். சுகம் கிடைக்காத விசுவாசியிடம் “உன் பாவத்தால்தான்” என்று சொல்வது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை.

சர்க்கரை மாத்திரை, காசநோய் மருந்து, மனநல மருந்து எதையும் நிறுத்தும்படி எந்த ஊழியரும் சொல்லக் கூடாது. சுகமடைந்தேன் என்று மேடையில் சாட்சி சொல்ல வருகிறவர் முதலில் மருத்துவரைப் பார்த்துவரட்டும். ஜெப எண்ணெய்ப் பாட்டிலுக்கும் கைக்குட்டைக்கும் விலை வைப்பதை முற்றிலும் தடை செய்கிறோம். மந்திரசக்தி உள்ளதாகச் சொல்லி நோய்தீர்க்கும் பொருள்களை விளம்பரப்படுத்துவதை 1954-ம் ஆண்டின் மத்தியச் சட்டமே தடுக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் எங்கள் நிலை இதுதான்.

6. காணிக்கை

தசமபாகமும் காணிக்கையும் நன்றியறிதலாகக் கொடுக்கப்படுகின்றன. ‘ஆயிரம் விதைத்தால் லட்சம் அறுப்பாய்’ என்ற செழிப்பு உபதேசத்தை நிராகரிக்கிறோம். அது கொடுக்கிறவரின் கண்களைத் தேவனிடமிருந்து எடுத்துக் கணக்கின் மேல் வைக்கிறது. ஏழை விசுவாசி ஏமாந்த பிறகு தேவனையே சந்தேகிக்க வைக்கிறது. ஒவ்வொரு சபையும் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து விசுவாசிகள் முன் வாசிக்க வேண்டும். சபைச் சொத்து போதகர் பெயரிலோ அவருடைய குடும்பத்தார் பெயரிலோ இருக்கக் கூடாது. போதகரின் மகன் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் அடுத்த போதகர் ஆக முடியாது.

7. சாதியும் பெண்களும்

அசூசாவின் ஒரே பெஞ்ச் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் இயக்கம் நிறத்தின்படி பிரிந்தது. 1948-ல் அமெரிக்காவில் அமைந்த பெந்தெகொஸ்தே கூட்டமைப்பில் கறுப்பினச் சபைகள் சேர்க்கப்படவில்லை. 1994-ல் மெம்பிஸ் நகரில் கூடி அதைக் கலைத்தபோது, ஒரு வெள்ளைப் போதகர் கறுப்பினப் பிஷப் ஒருவரின் கால்களைக் கழுவினார். அங்கே நிறம், இங்கே சாதி. ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு, சம்பந்தம் என்று வரும்போது உறவுமுறையை விசாரிக்கும் குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. எல்லார்மேலும் ஊற்றப்பட்ட ஆவியை அறிக்கையிடுகிறவருக்குச் சாதி மறைக்க வேண்டிய சங்கடம் அல்ல, விட்டு மனந்திரும்ப வேண்டிய பாவம். சாதிப் பெயரோடு வரும் மணமக்கள் விளம்பரத்தை எங்கள் மாத இதழ் இனி ஏற்காது. திருமணத்தில் சாதி கடந்ததற்காக மிரட்டப்படும் தம்பதியருக்குச் சபை துணை நிற்கும்.

பெண்கள் பிரசங்கிக்கவும், திருவிருந்து பரிமாறவும், போதகராக அபிஷேகம் பண்ணப்படவும் எங்கள் ஐக்கியத்தில் தடையில்லை. பாடல்கள் இயற்றி, பிரசங்கித்து, சபையும் நடத்திய சாராள் நவரோஜியின் பாடல்களைத் தமிழ்ச் சபைகள் எல்லாம் பாடுகின்றன. பாட்டை ஏற்றுக்கொண்டு பிரசங்க பீடத்தை மறுப்பதற்கு எங்களிடம் நியாயம் இல்லை. வெள்ளை உடை, நகை அணியாமை போன்றவற்றை விசுவாசிகள் தங்கள் எளிமையின் அடையாளமாகத் தெரிந்துகொள்ளலாம். பரிசுத்தத்தின் அளவுகோலாக அவற்றைப் பெண்கள் மேல் மட்டும் சுமத்தக் கூடாது.

8. மற்றச் சபைகள்

பாரம்பரிய சபைகளில் ஆவியானவர் இல்லை என்று பேசும் பிரசங்கத்தை நாங்கள் ஆதரிப்பதில்லை. நாம் கையில் பிடித்திருக்கும் தமிழ் வேதாகமம் அவர்களுடைய உழைப்பில் வந்தது. ஞானஸ்நானம், வரங்கள் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. அதை மரியாதையோடு பேசுவோம். அவர்களுடைய ஆடுகளைப் பிடித்து எங்கள் எண்ணிக்கையைக் கூட்ட மாட்டோம். பிற மதத்தாரின் தெய்வங்களை இழித்துப் பேசுவது சாட்சி ஆகாது.

9. நடைமுறை

இந்த நிலைப்பாடு ஒவ்வொரு சபையிலும் ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும். புதிதாக அபிஷேகம் பண்ணப்படும் போதகர்கள் இதில் கையொப்பமிடுவார்கள். மீறல் குறித்து எந்த விசுவாசியும் மாவட்ட மூப்பர் குழுவிடம் எழுத்து மூலம் முறையிடலாம். முறையிட்டவரைச் சபைநீக்கம் செய்யவோ ‘சாபம் வரும்’ என்று பயமுறுத்தவோ கூடாது.

ஆண்டுதோறும் ஒவ்வொரு சபையும் தன்னையே கேட்டுக்கொள்ள நான்கு கேள்விகளை முன்வைக்கிறோம். கடந்த ஆண்டில் போதகரைத் தவிர யார் யார் எழுந்து சாட்சி சொன்னார்கள்? சொல்லப்பட்ட தீர்க்கதரிசனங்களை யார் நிதானித்தார்கள்? கணக்குப் புத்தகத்தை யார் பார்த்தார்கள்? எழுதப் படிக்கத் தெரியாத தாயார் ஒருவர் ஜெபத்தை நடத்தினாரா? இவற்றுக்குப் பதிலாக ஒரே ஒருவரின் பெயர் மட்டும் வருமானால், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அந்தச் சபை பெந்தெகொஸ்தே சபையாவதற்கு இன்னும் ஜெபிக்க வேண்டியிருக்கிறது.