பாம்புக்கு இருமத் தெரியாது

"மச்சான், பாம்பு வளர்க்கிறதுதான் லேசு. கிழமைக்கு ஒரு எலி. குரைக்காது, மணக்காது, வெளியில கூட்டிக்கொண்டு போகத் தேவையில்லை."

உட்துறைமுக வீதிப் பக்கம் பின்னேரத்தில் கூடுகிற எங்கட வட்டத்தில் இந்தக் கதையை இப்ப அடிக்கடி கேட்கிறேன். காரணம் யூடியூப்தான். எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவர் தன்ர அறைக்குள் பால் பைதன்களை லாச்சி லாச்சியாக அடுக்கி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தில் போட்டுக் காட்டுவார். அதைப் பார்த்து வளர்ந்த பெடியனுக்கு, அத்திவாரம் வெட்டுகிற இடத்தில் ஒரு வெங்கிணாந்திக் குட்டி அகப்பட்டால் அதை விட மனம் வருமா?

நான் கலைப்பீட மாணவன். விலங்கியல் படித்தவனில்லை. ஆனாலும் இந்த "லேசு" என்ற சொல்லோடு எனக்குப் பிரச்சினை இருக்கிறது. நாய்க்கு வருத்தம் வந்தால் வீடு முழுக்கத் தெரியும். முனகும், சுருண்டு படுக்கும், எங்கட முகத்தைப் பார்க்கும். பிரெட்ரிக் கோட்டை மான்கள் பொலித்தீனை மெல்லுவதைக் கூட வீதியால் போகிற எவரும் கண்டு கவலைப்படலாம். பாம்பு அப்படியில்லை. நல்லாயிருந்தாலும் அசையாமல் கிடக்கும், சாகக் கிடந்தாலும் அசையாமல் கிடக்கும். அது சத்தம் போடாததைத்தான் நாங்கள் லேசு என்கிறோம்.

மூச்சை எடுங்கள். எங்களுக்குச் சளி கட்டினால் இருமித் துப்புகிறோம். பாம்புக்கு உதரவிதானம் இல்லை. எங்களைப் போல பலமாக இருமிச் சளியை வெளியேற்ற அதால் முடியாது. பெரும்பாலான பாம்புகளில் வலது நுரையீரல்தான் வேலை செய்கிறது. இடது இருக்காது, அல்லது மிகச் சிறியது. வெங்கிணாந்தி இனத்துக்கு இரண்டும் உண்டு, ஆனால் இடது சின்னது. அந்த நீளக் குழாய்க்குள் சளி இறங்கினால் அங்கேயே தேங்கி நிற்கும். வெளியில் தெரிகிற அடையாளங்கள் சிலதான். வாயைக் கொஞ்சம் திறந்து மூச்சு விடும். மூக்குத் துவாரத்தில் குமிழி வரும். தலையை உயர்த்திக்கொண்டே இருக்கும். விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மூக்கில் ஒட்டிய பழைய தோலாலும் வரலாம் என்பதால், இரண்டையும் பிரித்தறிய அனுபவம் வேண்டும். இதெல்லாம் கண்ணில் படும்போது வருத்தம் முற்றியிருக்கக்கூடும். பால் பைதன்களின் மூச்சுத் தொகுதியைத் தாக்குகிற ஒரு நிடோவைரஸையே ஆய்வாளர்கள் 2014 இல்தான் அடையாளம் கண்டார்கள்.

வயிறு இன்னும் சிக்கலானது. பாம்பு தன் உடம்பின் சூட்டைத் தானே உண்டாக்காது, வெளியிலிருந்து எடுக்கும். ஒரு முழு எலியைக் கரைக்க அதற்குச் சூடு வேண்டும், மறைவு வேண்டும், ஒருவரும் தொடாத இரண்டு மூன்று நாள் வேண்டும். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரை ஒன்றை விழுங்கிய பிறகு இரண்டு மூன்று நாளில் அதன் இதயமே ஏறக்குறைய 40 வீதம் பெருக்கும் என்பது 2005 இல் வெளியான ஆய்வு முடிவு. அந்த அளவுக்கு முழு உடம்பும் சமிபாட்டு வேலையில் இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து வீடியோ எடுக்கத் தூக்கினால், அல்லது மாரி மழையில் ஈரச் சீமெந்துத் தரையில் பெட்டியை வைத்தால், இரை செரிக்காமல் அப்படியே வெளியில் வரும். கக்கின பாம்புக்கு மறுநாளே இன்னொரு எலி போடக்கூடாது. பத்து நாள், இரண்டு கிழமை வயிறு ஆற விட்டு, பிறகு சின்ன இரையாகக் கொடுக்க வேண்டும். சாப்பிடாமல் கிடப்பதையும் உடனே வருத்தம் எண்டு சொல்ல முடியாது. நல்ல சுகமான பாம்பும் மாதக் கணக்கில் பட்டினி கிடக்கும். ஆகவே தராசில் நிறுத்து எழுதவேணும். எப்ப இரை, எப்ப மலம், மலத்தோடு வெள்ளையாக யூரேற்று வந்ததா, எப்ப தோல் உரித்தது, எத்தனை கிராம்: ஒழுங்காக வளர்க்கிற ஆட்கள் இதையெல்லாம் கொப்பியில் எழுதி வைக்கிறார்கள். எங்கட ஆக்களில் எத்தனை பேர் நாய்க்குத் தடுப்பூசி போட்ட திகதியையே எழுதி வைத்திருக்கிறோம்?

எனக்குத் தெரிந்த ஒரு பெடியன், மீன் கொண்டுபோகிற றெஜிபோம் பெட்டியில் ஒரு வெங்கிணாந்திக் குட்டியை வைத்திருந்தான். கெட்ட பிள்ளை இல்லை. வேலையாட்கள் அடித்துக் கொல்லப் போனபோது குறுக்கே விழுந்து காப்பாற்றியவனே அவன்தான். முதலில் அது இரையைக் கக்கியது. மாரி தொடங்க, மூக்கில் குமிழி. மிருக வைத்தியரிடம் கொண்டுபோகச் சொன்னேன். "கொண்டுபோனா என்னைப் பிடிச்சுக் குடுத்தா?" எண்டு கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1937 இல் வந்து பிறகு பலமுறை திருத்தப்பட்ட வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி வெங்கிணாந்தி பாதுகாக்கப்பட்ட பிராணி. அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டுப் பாம்பை அனுமதியில்லாமல் இறக்கினாலும் அதே கதைதான். பொதுவாக மிருக வைத்தியர்கள் பார்ப்பது மாடு, ஆடு, நாய், பூனை. நாட்டிலுள்ள ஒரே மிருக வைத்தியப் பீடம் பேராதனையில். நுரையீரலில் சளி கட்டின பாம்போடு பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை தாண்டிக் கண்டி வரை ஒளித்துப் போகிறதை நினைத்துப் பாருங்கள். அந்தக் குட்டி பெட்டிக்குள்ளேயே செத்தது.

சட்டம் பிழை எண்டு நான் சொல்லவில்லை. சட்டம் சரி. ஆனால் அதற்குப் பயந்து வருத்தத்தை மறைக்க வேண்டி வருகிறது. அந்த மறைப்பின் விலையைப் பாம்புதான் கொடுக்கிறது.

"அப்ப பாம்பாட்டிகள் காலங்காலமா வச்சிருக்கினமே?" எண்டு கேட்பவர்கள் உண்டு. எங்கட கிழக்கிலேயே, அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையில், தெலுங்கு பேசுகிற வனக்குறவர் சமூகம் இருக்கிறது. பாம்பாட்டுவது அவர்களது பழைய பிழைப்புகளில் ஒன்று. அவர்களைக் குற்றவாளியாக்கி எழுத எனக்கு விருப்பமில்லை. காணியும் தொழிலும் இல்லாமல் அலைந்த மக்கள் அவர்கள். பாலையும் முட்டையையும் வைத்து நாகத்தைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போன நாங்கள்தான் அதன் வயிற்றைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. பால் பாம்பின் உணவே இல்லை. தண்ணீர் காட்டாமல் தவிக்க விட்ட பாம்பு எதையும் குடிக்கும். பாலையும் குடிக்கும், பிறகு செரிக்காமல் கிடக்கும். மூச்சுக்குழாய்க்குள் போனால் அதோடு சரி.

பாம்பை மனிதர் பொறுப்போடு வைத்திருந்த இடம் கேட்டால், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்வேன். தோல் வியாபாரம் 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நின்றுபோனபோது பிழைப்பிழந்த மக்களுக்காக 1978 இல் அது உருவானது. பாம்பை மண்பானைக்குள் வைத்து, வாயைத் துணியால் கட்டி, சில கிழமைகள் மட்டும் வைத்திருந்து, விஷம் எடுத்த பிறகு காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விட்ட பாம்பையே திரும்பப் பிடிக்காமலிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமும் வெட்டுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்பைத் தெரிந்த ஆட்களே அதைச் சில கிழமைக்கு மேல் வைத்திருப்பதில்லை. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023 இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

எனக்குக் கோபம் அந்தப் பெடியனில் இல்லை. பாம்பைக் கண்டால் பொல்லெடுக்கிற ஊரில், அடிக்காமல் கையில் எடுக்கிற பிள்ளைகள் அரிது. அவர்களைப் பயமுறுத்தினால் அடுத்த குட்டி இன்னும் ஆழமாக ஒளிக்கப்படும். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற அவசர இலக்கம் இருக்கிறது. மீட்ட பாம்பையோ வருத்தம் வந்த பாம்பையோ தானாகக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவர் மேல் வழக்கில்லை என்று திணைக்களம் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதி, மீன்பிடித் துறையிலும் பஸ் நிலையத்திலும் ஒட்டட்டும். திருகோணமலையில் ஒரு மிருக வைத்தியருக்காவது ஊர்வனவற்றுக்கான பயிற்சியைப் பேராதனை கொடுக்கட்டும். அதுவரை, வீட்டில் பெட்டிக்குள் ஒன்றை ஒளித்து வைத்திருப்பவர் இதை வாசித்தால், இன்றைக்கு இரவு லைற்றை அணைத்துவிட்டு பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். விசில் சத்தம் கேட்டால் விடிய முதல் வேலையாக அந்த இலக்கத்துக்கு அடியுங்கள்.