நியூயார்க்கிலிருந்து ஜித்தாவுக்கு

அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகள் பலர் இப்போது அங்கிருந்தே உம்ராவுக்குப் புறப்படுகின்றனர். அவர்களுடன் செல்லும் முதியோர் பயணச்சீட்டைப் பார்த்து மலைத்துப் போவதுண்டு. கோடைக்காலத்தில் நியூயார்க்கில் பகல் 12 மணிக்கு ஏறினால், ஜித்தாவில் இறங்குவது மறுநாள் காலை ஆறரை மணியளவில். பதினெட்டரை மணி நேரமா வானில் இருப்பது?

இல்லை. அவ்விரு நகரங்களின் கடிகாரங்களுக்கிடையே கோடையில் 7 மணி நேரமும், குளிர்காலத்தில் 8 மணி நேரமும் வேறுபாடு உண்டு. அதைக் கழித்துவிட்டால் பயணம் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரமே. திரும்பும்போது 13 மணி நேரம் வரை ஆகலாம். விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் வலிய காற்று, போகும்போது பின்னின்று தள்ளுகிறது. வரும்போது எதிர்த்து நிற்கிறது. தூரம் ஒன்றே, நேரம்தான் இரண்டு.

அந்தத் தூரம் ஏறத்தாழ 10,200 கிலோமீட்டர். இங்கேதான் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. சுவரில் தொங்கும் உலகப் படத்தில் ஜித்தா நியூயார்க்குக்குத் தென்கிழக்கே தெரிகிறது. ஆனால் மிகக் குறுகிய வழியோ வடகிழக்காகத் தொடங்குகிறது! பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் ஒரு நூலை இரு நகரங்களுக்கிடையே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது அட்லாண்டிக் கடலின் வடபகுதியில் வளைந்தேறி, பிரான்சின் போர்தோ நகரை ஒட்டி இறங்கி, கோர்சிகாத் தீவு, மத்தியதரைக் கடல், எகிப்து ஆகியவற்றைக் கடந்து செங்கடலை அடையும். தட்டையான படத்தின் நேர்கோட்டில் பறந்தால் 600 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகும். காற்றையும் நாடுகளின் வான் எல்லைகளையும் பொறுத்து விமானிகள் சற்று விலகிச் செல்வது வேறு.

இதே கணக்குதான் கிப்லாவுக்கும். வட அமெரிக்காவில் கிப்லா தென்கிழக்கா, வடகிழக்கா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. 1957இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் பள்ளிவாசல் வடகிழக்கு நோக்கியே அமைந்துள்ளது. இதை விமான யுகத்தின் கண்டுபிடிப்பு என எண்ணிவிட வேண்டாம். கஸ்னா நகரின் கிப்லாவைக் கணிக்கும் பொருட்டு, உருண்டையின் மீதான கணிதத்தைக் கையாண்டு 1025இல் ஒரு நூலையே எழுதி முடித்தவர் அல்பிரூனி.

இனி, வீட்டுப் பெண்கள் பெட்டி கட்டுமுன் கவனிக்க வேண்டியது. எகிப்துப் பக்கமிருந்து வருவோரின் மீக்காத் எல்லை ஜுஹ்ஃபா. இன்று அதனை அடுத்துள்ள ராபிக்கில் இஹ்ராம் கட்டுகின்றனர். தரைவழியில் வருவோர் அங்கே நின்று குளித்துப் புறப்படலாம். நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் விரையும் விமானமோ எவருக்காகவும் நிற்காது. ஜித்தாவில் தரையிறங்கும் முன்பே அந்த எல்லை கடந்துவிடும். இறங்கிய பின் நிய்யத் வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பெரும்பாலான உலமாக்கள் ஏற்பதில்லை. எனவே பணியாளர் அறிவிப்பு வருமுன்னரே ஆண்கள் இஹ்ராம் ஆடையை அணிந்திருத்தல் நலம். அந்த இரு துணிகளையும் சரக்கறைக்குப் போகும் பெரிய பெட்டியில் வைத்துவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.