நாக்குக்கு லேபிள் தெரியாது!

ஸ்டீவன் ஸ்பரியர் ஓர் ஆங்கிலேயர். பாரிஸில் ஒயின் கடை வைத்திருந்தார். ஒயினை ருசி பார்க்கக் கற்றுத்தரும் பள்ளியும் நடத்தினார். 1976 மே 24 அன்று பாரிஸில் அவர் ஒரு போட்டி வைத்தார். பிரான்ஸின் பெரிய பெயர்களோடு, அப்போது ஐரோப்பாவில் பலரும் மதிக்காத கலிஃபோர்னியா ஒயின்களும் வரிசையில் நின்றன. வெள்ளையில் 10, சிவப்பில் 10. எது எந்த ஊர்ச் சரக்கு என்று தெரியாதபடி ஊற்றிக் கொடுத்தார்கள். நடுவர்கள் 9 பேர். அத்தனை பேரும் பிரெஞ்சு வல்லுநர்கள்!

ஒருவர் கலிஃபோர்னியா ஒயினைச் சுவைத்துவிட்டு, பிரான்ஸுக்கே திரும்பிவிட்டதாக மகிழ்ந்தார். முடிவில் இரண்டு பிரிவிலும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கு. சிவப்பில் வென்றது, நட்டு மூன்றே வருடமான கொடிகளின் திராட்சையில் செய்தது. நடுவர் ஒருவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை.

அவர்களுக்கு ருசி தெரியாமல் இல்லை. பெயரைப் பார்த்தால் மனசு முந்திக்கொள்ளும். பெயர் மறைந்ததும் நாக்கு உண்மையைச் சொல்லிவிட்டது.

ஒயின் பழகுகிறவர்கள் வீட்டு விருந்திலும் இதை விளையாட்டாகச் செய்வதுண்டு. பாட்டில்களைக் காகிதப் பையில் மூடி, எண் போட்டு வைப்பார்கள். நிறம் பார்த்து, கிளாஸைச் சுழற்றி, முகர்ந்து, அப்புறம்தான் ஒரு மிடறு. எல்லோரும் மதிப்பெண் எழுதி முடித்த பிறகே பையைக் கழற்றுவார்கள்.

மலிவான பாட்டில் ஜெயித்தால் வெட்கமில்லை. அடுத்த விருந்துக்கும் வாங்கக் கட்டுப்படியாகுமே!