யாருடைய கிணற்றைச் சோதிப்பது?

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு தர அறிக்கை, தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளில் 37 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் நைட்ரேட் அளவு வரம்பைத் தாண்டியிருப்பதாகச் சொன்னது. வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஒருநாள் செய்தியாக வந்து மறுநாள் மறைந்துபோனது. அந்தத் தண்ணீரை வடிகட்டாமல், வேறு வழியில்லாமல் குடிக்கிறவர்கள் யார் என்று எவரும் கேட்கவில்லை. நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊராட்சியின் குடிநீர் ஆதாரங்களை ஆண்டுக்கு ஒருமுறை வேதியியல் சோதனைக்கும், இருமுறை நுண்ணுயிர்ச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்ட விதி. தனியார் கிணறும் வீட்டு போரும் இந்தக் கணக்கில் வராது. சொந்தக்காரர்தான் சோதித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் தனியார் கிணற்றுத் தண்ணீரைத் தனியாருக்குரியவர் மட்டுமா குடிக்கிறார்? களையெடுக்கவும் நாற்று நடவும் போகிற நம் பெண்கள் பம்புசெட் தொட்டியில்தான் பகல் முழுக்கத் தாகம் தீர்க்கிறார்கள். ஊராட்சிக் குழாயில் நான்கு நாள் தண்ணீர் வராவிட்டால் அதே தொட்டியிலிருந்துதான் குடம் தூக்கி வருகிறார்கள். மோட்டாருக்குச் சொந்தக்காரர் வீட்டில் 20 லிட்டர் கேன் இருக்கும். அவரிடம் போய் "உங்கள் கிணற்றைச் சோதித்தீர்களா?" என்று கேட்கக் கூலிக்காரருக்கு வாய் வராது. "வேண்டாமென்றால் குடிக்காதே" என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது.

1927 மார்ச் 20 அன்று மகாடு குளத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தது, அள்ளும் உரிமைக்காக. அள்ளிய தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறியும் உரிமையும் அதில் அடக்கம் என்றே நாம் கருதுகிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பாருங்கள். கடினப் பாறை நிலம். பாறையிலுள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கரைகிறது. ஆழம் போகப்போக, பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீர்தான் மேலே வருகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும். பல ஆண்டுகள் மிக அதிகமாகப் போனால் எலும்பு இறுகி முதுகு வளையும். இதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் காவிரித் தண்ணீர் வராத நாளில் ஜனங்கள் திரும்பிப் போவது அதே போருக்குத்தான்.

நைட்ரேட்டின் கதை வேறு. அது உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வருகிறது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. நமக்குக் கிடைக்கிற இலவச மனை 2 சென்ட் என்று வைத்துக்கொள்வோம்: 871 சதுர அடி. சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 30 அடிகூட வராது. கழிப்பறை உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் பொதுவாகச் சொல்லப்படுகிற இடைவெளி 10 மீட்டர், அதாவது 33 அடி. மூலைக்கு மூலை வைத்துத் தப்பித்தாலும் பக்கத்து வீட்டுக் குழி வந்து நெருங்கும். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள், வரவேற்றோம். அந்தச் சொல் குறித்த 2 சென்ட் மனை அப்படியேதான் இருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீரில் பால் கலக்கினால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும்.

நம் மொழியில் தண்ணீருக்கு நாக்கு வைத்த பெயர்கள் உண்டு: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, சப்பைத் தண்ணி. ஃபுளோரைடும் நைட்ரேட்டும் நாக்குக்கு அகப்படாதவை. நல்ல தண்ணியிலும் இருக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், இவை போகாது. நீர் ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். இயந்திரம் விற்க வருபவர் தண்ணீரில் முக்கிக் காட்டும் டி.டி.எஸ். கருவி கரைந்த உப்பின் மொத்தத்தை மட்டுமே சொல்லும். ஃபுளோரைடையும் காட்டாது, கிருமியையும் காட்டாது.

2022 டிசம்பரில் வேங்கைவயல் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்ததும் நாடே திரும்பிப் பார்த்தது. அங்கும் குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். மெல்ல மெல்லக் கலக்கிற நஞ்சை எட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் குறைந்த கட்டணத்தில் சோதிக்கலாம். மோட்டாரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிடுங்கள். சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, 2 லிட்டர் பிடியுங்கள். கிணற்றின் இடம், ஆழம், தேதி எழுதி ஒட்டுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் தூய்மையாக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸில் வைத்து, முடிந்தவரை அன்றே சேர்க்க வேண்டும். கல்லூரியில் வேதியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதை எடுத்துச் செய்யலாம். ஊராட்சியில் களச் சோதனைப் பெட்டி இருக்கிறதா, பயிற்சி பெற்ற ஐந்து பெண்கள் யார் என்றும் கேட்கலாம். பல இடங்களில் பெட்டி பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கூலிக்காரர் குடிக்கிற ஒவ்வொரு பம்புசெட் கிணற்றையும் ஊராட்சி செலவில் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவருவோம். அதில் கிணறு இருக்கும் சர்வே எண்ணையும் சோதித்து முடிக்க வேண்டிய தேதியையும் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும் வரை எழுந்து வர வேண்டாம்.