உடைய வேண்டிய போல்ட் உடையட்டும்!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் நம் வட்டாரத்தில் இரண்டு வியாபாரங்கள் ஒரே நேரத்தில் சூடு பிடிக்கின்றன. ஒன்று அருவிக்கு வருவோரை நம்பியது. மற்றொன்று சிற்றாற்றுத் தண்ணீரை நம்பிக் கார் சாகுபடியில் இறங்கும் விவசாயியை நம்பியது. தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துக் கிராமங்களில் மளிகைக் கடையிலேயே ஆணி, கயிறு, போல்ட், நட்டு எல்லாம் வைத்து விற்பவர்கள் உண்டு. அந்தக் கடைகளில் அவசரத்தில் கைமாறும் ஒரு சின்னச் சரக்கைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். அது டிராக்டரில் பூட்டும் கருவிகளுக்கான ஷியர் போல்ட்.

"கெட்டியான சரக்கே நல்ல சரக்கு" என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். வாளியானாலும் கயிறானாலும் அது சரிதான். ஆனால் ஷியர் போல்ட்டுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது உடைவதற்கென்றே செய்யப்பட்ட சரக்கு. வீட்டில் பியூஸ் கம்பி உருகி, மோட்டாரையும் வயரிங்கையும் காப்பாற்றுவது போன்றதே இதுவும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவைத்தால் என்ன ஆகும் என்பதை நாம் அறிவோம்.

டிராக்டரின் பின்பக்கமுள்ள பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்கிறது. ரோட்டவேட்டர், தென்னங்கன்றுக்குக் குழி தோண்டும் கருவி, வைக்கோல் கட்டும் இயந்திரம் ஆகியவை அந்தச் சுழற்சியில்தான் ஓடுகின்றன. ஓட்டத்தில் கல்லோ வேரோ சிக்கினால் அந்த அதிர்ச்சி முழுவதும் கியர் பாக்ஸைத் தாக்கும். அதைத் தடுக்கவே பல கருவிகளில் இடையில் ஒரு ஷியர் போல்ட் வைத்திருக்கிறார்கள். அது முறிந்தால் சில ரூபாயோடு போகும். முறியாவிட்டால் பல்சக்கரமோ தண்டோ முறியும். செலவு ஆயிரக்கணக்கில் ஏறும். அதைவிடப் பெரிய நஷ்டம், தண்ணீர் வந்திருக்கும் நேரத்தில் உழவு நின்றுபோவது.

"உடையாத போல்ட்டாக் கொடுங்க அண்ணாச்சி" என்று கேட்டு வருபவர் பல நேரங்களில் கருவியின் சொந்தக்காரராக இருப்பதில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டும் டிரைவராக இருக்கிறார். வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்பது அவருடைய கவலை. அவர் கேட்டபடி ஹைடென்சில் போல்ட்டையோ ஆலன் போல்ட்டையோ எடுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைய வியாபாரம் முடிந்துவிடும். கியர் பாக்ஸ் போன பிறகு சொந்தக்காரர் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான்.

சரியான போல்ட்டைக் கொடுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. சில விஷயங்களைக் கவனித்தால் போதும்.

முதலாவது, தலையிலுள்ள எண். 4.6, 8.8, 10.9 என்று போல்ட்டின் தலையில் பொறித்திருக்கும். நம் நாட்டு ஐ.எஸ். 1367 தரநிர்ணயமும் இந்த முறையையே பின்பற்றுகிறது. முதல் எண் இழுவை பலத்தைக் காட்டுகிறது. 4 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 40 கிலோ. 8 என்றால் சுமார் 80 கிலோ. 10 என்றால் சுமார் 100 கிலோ. அதாவது 4.6 இருந்த இடத்தில் 8.8 போட்டால் காவல் இரண்டு மடங்கு தாமதித்தே வேலை செய்யும். ஆலன் போல்ட்டுகள் பெரும்பாலும் 12.9, அவை இந்த வேலைக்கு ஆகவே ஆகா. அதற்காக எல்லாருக்கும் 4.6 கொடுப்பதும் தவறு. சில கருவிகளுக்கு 8.8-தான் தயாரிப்பாளர் சொன்ன அளவு. அங்கே மெலிந்ததைக் கொடுத்தால் மணிக்கொரு தரம் உடையும்; டிரைவர் வெறுத்துப்போய்க் கம்பியைச் சொருகுவார். கருவியின் கையேடு சொல்வதே முடிவு.

இரண்டாவது, கனம். 8 மில்லிமீட்டருக்குப் பதில் 10 கொடுத்தால் இரண்டுதானே கூடுதல் என்று தோன்றும். பலமோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. குறைந்த கனமும் ஆகாது. துளைக்குள் ஆடி ஆடித் துளையையே அகலமாக்கிவிடும். அங்குல அளவையும் மில்லிமீட்டர் அளவையும் ஒரே டப்பாவில் கலந்து வைப்பதை இன்றே நிறுத்துவோம்.

மூன்றாவது, நீளமும் மரையும். முறிய வேண்டிய இடத்தில் மரை வரக்கூடாது. வழவழப்பான உடல் பகுதியே வர வேண்டும். 10 மில்லிமீட்டர் போல்ட்டின் உடல் பகுதி சுமார் 78 சதுர மில்லிமீட்டர். மரையுள்ள இடத்தில் சுமார் 58 மட்டுமே. மரை தவறிய இடத்தில் வந்தால் போல்ட் கால் பங்கு பலம் குறைந்து, காரணமில்லாமல் முறியும். முறிவதற்கென்றே பள்ளம் வெட்டிய போல்ட் என்றால் அதே கம்பெனிச் சரக்கையே வரவழைத்துக் கொடுக்க வேண்டும்.

ஆகவே, முறிந்த இரண்டு துண்டுகளையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்துக் கொடுப்பதே முறை. அந்தத் துண்டும் இதற்குமுன் யாரோ தவறாகப் போட்டதாக இருக்கலாம். எனவே கருவியின் பெயரையும் மாடலையும் கேட்டுக்கொள்வது நல்லது. அடிக்கடி முறிகிறது என்றால் குறை வேறிடத்தில் இருக்கும். வயலில் கல், தண்டில் சுற்றிய கயிறு, கிளட்சைத் திடீரென்று விடுவது என எதுவாகவும் இருக்கலாம். என்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே போல்ட் மாற்ற வேண்டும் என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொல்வோம். நொடிக்கு 9 சுற்று சுழலும் தண்டில் வேட்டி நுனியோ துண்டோ மாட்டினால் உயிருக்கே ஆபத்து.

"கேட்டதைக் கொடுப்பது நம் வேலை, மற்றது அவர் பாடு" என்று சில நண்பர்கள் சொல்லலாம். நாம் மறுத்தால் அடுத்த கடையில் வாங்கிவிடுவார் என்பதும் உண்மையே. இதனால்தான் இது ஒரு கடையின் கட்டுப்பாடாக இல்லாமல் ஓர் ஊரின் கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்கிறோம். மேலும் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளால் விளையும் தீங்குக்குச் சில நிலைகளில் விற்பவரையும் பொறுப்பாக்குகிறது. தயாரிப்பாளர் சொல்லாத உறுதியை விற்பவர் தாமாகக் கொடுப்பது அவற்றுள் ஒன்று. "உடையவே உடையாது, நான் கேரண்டி" என்று கல்லாவில் உட்கார்ந்து சொல்லும் வார்த்தைக்கு இன்று விலை உண்டு.

தலையில் எண் இல்லாத போல்ட்டை இந்த வேலைக்கு விற்பதில்லை. தர எண் வாரியாகத் தனித்தனி டப்பா வைப்பது. கொள்முதல் செய்யும்போதே மொத்த வியாபாரியிடம் தர எண்ணைப் பில்லில் எழுதி வாங்குவது — இந்த மூன்றையும் நம் உறுப்பினர்கள் அடுத்த கார் பருவத்துக்குள் வழக்கமாக்க வேண்டுகிறோம். ஒரு போல்ட்டில் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். ஆனால் "அந்தக் கடையில் கேட்டு வாங்கு, சரியாகச் சொல்வார்கள்" என்று ஒரு விவசாயி இன்னொருவரிடம் சொன்னால், அவர் வீட்டு அரிசியும் பருப்பும் எண்ணெயும் அதே கடையிலிருந்துதான் போகும்.