ஆர்வம் ஒரு கோளாறு அன்று

ஒருவர் ஏதேனும் ஒன்றில் அளவுகடந்து ஈடுபடுவதைக் கேலி செய்யத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கிறுக்கு, பித்து, பைத்தியம் எனப் பழைய சொற்கள் இருக்க, இக்காலத் தமிழ் புதிதாக ஒன்றையும் ஆக்கிக்கொண்டது: ஆர்வக்கோளாறு. சொல்லின் அமைப்பிலேயே தீர்ப்பு அடங்கிவிடுகிறது. ஆர்வம் சற்று மிகுந்தால் அது பழுது. பழுது என்றால் சரிசெய்யப்பட வேண்டும்.

ஓய்வில் ஒருவர் விரும்பிச் செய்யும் செயலுக்குத் தமிழ் வைத்திருக்கும் பொதுப்பெயரோ 'பொழுதுபோக்கு'. ஆங்கிலத்தின் 'அமெச்சூர்' பிரெஞ்சு வழியாக வந்த இலத்தீன் சொல். அதன் வேர்ப்பொருள் நேசித்தல். இந்தியும் உருதுவும் வழங்கும் 'ஷௌக்', ஏக்கத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. கூலி கருதாத உழைப்பை அம்மொழிகள் நேசத்தையும் ஏக்கத்தையும் கொண்டு பெயரிட, தமிழ் அதைக் கழிந்துபோகும் நேரத்தைக் கொண்டு பெயரிடுகிறது. இதில் தமிழை மட்டும் குறைசொல்ல இயலாது. 'அமெச்சூர்' என்பதும் இன்று 'அரைகுறை' என்ற பொருளில்தான் பெரிதும் வழங்குகிறது. சிவனுக்கே பித்தன் என்று பெயர் சூட்டிய மொழியில் பித்து என்பது வசையாகவும் சுருங்கியிருக்கிறது. சொற்கள் இழிவடையும்போது, அவை குறிக்கும் செயலைச் சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதும் வெளிப்பட்டுவிடுகிறது.

இச்சொற்கள் கடைத்தெருவில் வழங்குவதில் வியப்பில்லை. பல்கலைக்கழகங்களுக்குள்ளும் இதே பார்வை நிலவுவதுதான் வருந்தத்தக்கது. பொருளியலில் முனைவர் பட்டம் பயிலும் ஒருவர், எந்த மீட்டர்கேஜ் தடம் எந்த ஆண்டில் அகலப்பாதையானது என்பதை மனப்பாடமாக வைத்திருப்பார். வேதியியல் ஆய்வாளர் ஒருவர் விடியுமுன் எழுந்து வளாகத்து ஏரியில் நீர்ப்பறவைகளை எண்ணிக் குறித்துவைப்பார். வரலாற்று மாணவி ஒருவர் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் ஒரே ஊரின் பெயர் மூன்று எழுத்துமுறைகளில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைப் படமெடுத்துச் சேர்ப்பார். மூவரும் இவற்றை நெறியாளரிடம் சொல்வதில்லை. சொன்னால் வரும் கேள்வி என்ன என்பது அவர்களுக்குத் தெரியும்: "இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா? அத்தியாயம் எங்கே?"

அறிவின் மீதான ஆசையையே தகுதியாகக் கருத வேண்டிய இடத்தில், அந்த ஆசையை ஒளித்துவைக்கக் கற்றுக்கொடுப்பது ஒரு முரண். இம்முரணை விளங்கிக்கொள்ள தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கரின் வாழ்க்கை நல்ல சான்று.

கப்ரேக்கர் 1905இல் மகாராஷ்டிரத்தின் தகானுவில் பிறந்தார். புனேயின் பெர்குசன் கல்லூரியில் பயின்றார்; 1929இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். அதற்குமேல் பட்டம் ஏதும் இல்லை. 1930 முதல் 1962 வரை நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் விரும்பியது எண்களோடு விளையாடுவதை. தேற்றங்களின் பெருங்கட்டடம் எழுப்பும் நோக்கம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் எண்ணை எடுத்து, கூட்டி, கழித்து, திருப்பிப்போட்டு, அது என்ன செய்கிறது என்று பார்ப்பார்.

அவ்விளையாட்டில் அவர் கண்டதுதான் 6174. நான்கு இலக்கங்களும் ஒன்றாக இராத ஏதேனும் நான்கிலக்க எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கிய எண்ணைக் கழிக்க வேண்டும். கிடைக்கும் விடைக்கும் அதையே செய்ய வேண்டும். அவர் பிறந்த ஆண்டையே எடுத்துக்கொண்டால், 1905 என்பது 9510 − 0159 = 9351 ஆகும். பிறகு 9531 − 1359 = 8172; 8721 − 1278 = 7443; 7443 − 3447 = 3996; 9963 − 3699 = 6264; 6642 − 2466 = 4176; 7641 − 1467 = 6174. அதன்பின் எத்தனை முறை செய்தாலும் 6174 மாறாது. எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். கப்ரேக்கரின் பிறந்த ஆண்டுக்கு அந்த ஏழு படிகளும் தேவைப்படுகின்றன என்பது தற்செயலே. ஆனால் அதை அறிந்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார்.

அவர் எண்களுக்குச் சூட்டிய பெயர்கள் இன்னும் சுவையானவை. ஒருவகை எண்களுக்கு 'டெம்லோ' என்று பெயரிட்டார். அவற்றைப் பற்றிய எண்ணம் தோன்றிய ரயில் நிலையத்தின் பெயர் அது, இன்றைய டோம்பிவ்லி. வேறொரு வகைக்குத் தாம் பணியாற்றிய ஊரின் பெயரான 'தேவ்லாலி'யைச் சூட்டினார். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு அவர் தந்த பெயர் 'ஹர்ஷத்'. சமஸ்கிருதத்தில் அதன் பொருள் 'மகிழ்ச்சி தருவது'. இராமானுஜனோடு சேர்த்து எல்லாரும் அறிந்த 1729உம் ஹர்ஷத் எண்தான்: 1 + 7 + 2 + 9 = 19; 1729ஐ 19ஆல் வகுத்தால் 91. கணிதத்தின் கலைச்சொல் ஒன்று, அதைக் கண்டவர் அடைந்த மகிழ்ச்சியைத் தன் பெயரிலேயே சுமந்திருக்கிறது. இன்றும் கணித நூல்கள் அப்பெயரைப் பயன்படுத்துகின்றன.

அக்காலத்துக் கணிதவியலாளர் சிலர் அவருடைய ஆக்கங்களை அற்பமானவை என்று கருதினர். பெரிய ஆய்விதழ்களில் இடம்பெறாத பலவற்றை அவர் சிறு வெளியீடுகளாகத் தாமே அச்சிட்டார். 1975 மார்ச்சில் மார்ட்டின் கார்ட்னர் 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய பிறகே உலகம் அவரை அறிந்தது. அப்போது அவருக்கு வயது 70. பணி ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதே வெட்கத்தை மொழியியல் துறையும் அறியும். ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலத்தின் பேராசிரியராக இருந்த டோல்கீன், இளமை முதலே புதிய மொழிகளைப் படைத்துவந்தார். பின்னிஷ் மொழியின் ஓசையில் மயங்கி ஒன்றையும், வெல்ஷ் மொழியின் ஓசையில் மயங்கி மற்றொன்றையும் உருவாக்கினார். அவற்றுக்கு ஒலிமாற்ற விதிகளையும் சொற்பிறப்பு வரலாறுகளையும் எழுதினார். 1931இல் இப்பழக்கத்தைப் பற்றி அவர் ஓர் உரை நிகழ்த்தினார். அவ்வுரை இன்று அறியப்படும் தலைப்பின் பொருள் 'ஒரு இரகசியத் தீயபழக்கம்'. பேராசிரியர் பதவியில் அமர்ந்தவருக்கே, தமக்கு மிகவும் பிரியமான செயலைப் பற்றிப் பேச அப்படியொரு நாணம் தேவைப்பட்டிருக்கிறது. சக அறிஞர்களின் பார்வை எவ்வளவு கனமானது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஐராவதம் மகாதேவனும் நினைவுக்கு வருகிறார். சட்டம் பயின்று 1954ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர். அலுவலகக் கோப்புகளுக்கிடையே குகைகளின் தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைத் தேடிச் சென்று படித்தார். புகளூர்க் கல்வெட்டில் சேர மன்னர் மூன்று தலைமுறையினரை இனங்கண்டார். சிந்து எழுத்துகளின் தொடரடைவை 1977இல் வெளியிட்டார். 2003இல் வந்த அவருடைய தமிழ்-பிராமி நூலைத் தவிர்த்துவிட்டு இன்று யாரும் அத்துறையில் ஒரு வரி எழுத இயலாது.

இம்மூன்று வரலாறுகளையும் அடுக்கிவிட்டு, "ஆகவே ஆர்வங்களை வளருங்கள், நாளை பயன்தரும்" என்று முடிப்பது எளிது. ஆனால் அம்முடிவு தவறானது. ஆர்வத்தை அதன் பயனால் நியாயப்படுத்துவது, பயனை மட்டுமே கேட்கும் அதே தராசில் ஆர்வத்தை மறுபடியும் ஏற்றுவதாகும். கப்ரேக்கரை கார்ட்னர் கண்டுகொள்ளாமல் போயிருந்தால், தேவ்லாலியில் கழிந்த அந்த மாலைகள் வீணாகியிருக்குமா? மகாதேவன்களும் டோல்கீன்களும் ஒரு சிலரே. ஏரிக்கரையில் பறவை எண்ணும் ஆய்வாளர்களில் மிகப் பெரும்பாலோர் சாலிம் அலி ஆகப்போவதில்லை. அவர்கள் எண்ணுவது பறவைகள் அங்கே இருப்பதால். எண்ணும்போது உலகம் சற்றுத் தெளிவாகத் தெரிவதால். இக்காரணம் போதும். 6174 இதுவரை எந்தப் பாலத்தையும் தாங்கியதில்லை. ஆயினும் அதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டும்போது ஒரு வகுப்பறையே நிமிர்ந்து உட்காருகிறது.

பயன் கேட்கும் குரல் இப்போது புதிய வேடத்தில் வருகிறது. முன்பு அது "விட்டுவிடு" என்றது. இப்போது "காணொளியாக்கு, பக்கத்தொழிலாக்கு, தன்விவரக்குறிப்பில் திறனாகச் சேர்" என்கிறது. கேலியைக் காட்டிலும் இந்தப் பாராட்டு ஆபத்தானது. பின்தொடர்வோரின் எண்ணிக்கையை மனத்தில் கொண்டு பெயர்ப்பலகைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர், விரைவில் அதிகம் பேர் விரும்பும் பலகைகளை மட்டுமே எடுப்பார். எவருமே பார்க்காத, எழுத்துப்பிழையுள்ள அந்தச் சிற்றூர்ப் பலகைக்காக அடுத்த நிறுத்தத்தில் இறங்கும் பழக்கம் போய்விடும். அந்த ஈடுபாட்டின் உயிரோ அப்படி இறங்குவதில்தான் இருந்தது.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. இரண்டுக்கும் வலு உண்டு. முதலாவது, ஆய்வேட்டை எழுத அஞ்சும் ஒருவர் தம் ஆர்வத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்பது. உண்மைதான். ஆனால் அப்படி ஒளிபவரைப் பிணித்திருப்பது அச்சம்; பறவைகளைப் பிடுங்கிக்கொண்டால் அவர் வேறிடத்தில் ஒளிவார். முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் வகுத்திருக்கும் பொதுவான காலவரம்பு மூன்று முதல் ஆறு ஆண்டுகள். அதே விதிமுறைகள், ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தையும் நீக்கின. கட்டாயம் நீங்கினாலும் எண்ணிக்கைப் பழக்கம் துறைகளை விட்டு நீங்கவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒரே கேள்வியோடு வாழவேண்டிய மனத்துக்கு, மதிப்பெண்ணும் மதிப்பீட்டாளரும் இல்லாத ஓர் இடம் தேவைப்படுகிறது. அங்கே தோற்றால் எதுவும் கெட்டுவிடாது. தோற்க அஞ்சாத இடத்தில்தான் கூர்ந்து பார்க்கும் பழக்கமும் பிழைத்திருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம் இதைவிடக் கடினமானது: ஆர்வம் என்பது நேரம் உள்ளவர்களின் ஆடம்பரம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்குக் கணக்குத் தருகிறது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களே நான்கில் ஒருவர் அளவுதான். விடியுமுன் ஏரிக்கரைக்குப் போகும் ஆய்வாளர் ஆணாக இருப்பதும், அதே நேரத்தில் அடுப்பு மூட்டும் ஆய்வாளர் பெண்ணாக இருப்பதும் தற்செயல் அன்று. இக்கட்டுரையில் பெயர் சொல்லப்பட்ட அறிஞர் யாவரும் ஆண்கள் என்பதையும் வாசிப்போர் கவனித்திருப்பர். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவருக்கோ, உதவித்தொகையின் ஒரு பகுதி வீட்டுக்குப் போகிறது. நேரத்தின் ஒரு பகுதியும் போகிறது. "பயனில்லாததைச் செய்கிறாயா?" என்ற கேள்வி அவர்களைத் தாக்கும் வேகம் மற்றவரைத் தாக்குவதில்லை.

ஆனால் இவ்வாதம் சொல்வது ஆர்வம் தேவையற்றது என்பதையா? ஆடம்பரம் எனப்படுவது நல்லதாக இருப்பின், செய்யவேண்டியது அதைப் பங்கிடுவது. ஓய்வும் ஓய்வில் வளரும் பித்தும் சிலரின் உரிமையாகவே இருக்கும்வரை, அறிவுலகின் கேள்விகளும் அச்சிலரின் கேள்விகளாகவே இருக்கும். மாலை வேளையில் இரண்டு மணிநேரம் எவருக்கும் பதில்சொல்ல வேண்டியிராத நிலை, ஆய்வு மாணவி ஒருவருக்குக் கிடைக்கவேண்டிய நியாயமான உரிமை. விடுதியின் வாயிலை அவளுக்கு மட்டும் முன்னதாக மூடும் நிறுவனங்கள், அந்த மாலையையும் சேர்த்தே பூட்டுகின்றன.

துறைகள் செய்யக்கூடியவை எளியவை. மாதம் ஒருமுறை, ஆய்வேட்டுக்குத் தொடர்பில்லாத ஒன்றைப் பற்றி ஒருவர் அரைமணி நேரம் பேசட்டும்: தபால்தலை, பாசி, பழைய வானொலிப் பெட்டி, ஊர்ப்பெயர், எதுவாயினும் சரி. சான்றிதழ் வேண்டாம், வருகைப் பதிவு வேண்டாம், அறிக்கை வேண்டாம். முதலில் பேசுபவர் துறைத்தலைவராக இருப்பது நல்லது; பிறருக்குத் துணிவு வரும். நெறியாளர்கள் "அத்தியாயம் எங்கே?" என்று கேட்பதற்கு முன், "இப்போது வேறு எதில் மனம் லயித்திருக்கிறது?" என்றும் கேட்டுப் பார்க்கலாம். விடை வர நேரமாகும். ஒளித்துவைத்துப் பழகியவர்கள் உடனே திறந்து காட்டமாட்டார்கள்.

மாணவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. "சும்மா, பொழுதுபோக்குக்காக" என்று மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்வதை நிறுத்தலாம். மீட்டர்கேஜ் தடங்களின் வரலாற்றை அறிந்தவர், அதை அறிந்தவராகவே பேசலாம். தமிழில் இதற்குப் புதுச்சொல் வேண்டுமென்றால், தேவ்லாலியின் பள்ளி ஆசிரியர் ஏற்கெனவே ஒரு வழி காட்டியிருக்கிறார்: தாம் விரும்பியதற்கு மகிழ்ச்சியின் பெயரையே வைத்துவிட்டார்.